குதுப்மினார் பாதி தெரிந்த நாள்

ஆகஸ்டில் டில்லிக்குப் போகாதே என்று
அறந்தாங்கி தபால் ஆபீசே சொன்னது.
எல்.டி.சி. காலாவதியாகிறது என்றார் இவர்.
இருபத்து மூன்று வருஷத்தில்
நாங்கள் இருவர் மட்டும் ஏறிய முதல் ரயில்
அப்படித்தான் கிளம்பியது,
ஒரு சலுகை வீணாகிவிடக் கூடாதென்று.

மெஹ்ரோலியில் மினார் பாதிதான் இருந்தது.
மேல்பாதியை மேகம் வைத்துக்கொண்டிருந்தது.
"அரை டிக்கெட் கொடுத்திருக்கணும்" என்றார்
சிரிக்காமல்.
ரசீதை நான்காக மடித்து
பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு
உறையைச் சட்டைப்பைக்குள் போட்டு
பையின் மேல் கையை வைத்துக்கொண்டார்.
தலை நனைந்தது.

குடை எடுத்து வரவில்லை.
எங்கள் ஊரில் அதற்கு ஐப்பசி வரவேண்டும்.
வாசலில் குடை விற்ற பையன்
தீன் சௌ என்றான்.
இவர் விரல்களை நீட்டியும் மடக்கியும்
ஊமை நாடகம் போட்டுக்கொண்டிருக்க
நான் குறுக்கே புகுந்து
டேட் சௌ, அதற்கு மேல் ஒரு பைசா இல்லை,
கம்பி பார், இப்போதே வளைந்திருக்கிறது என்று
முழு வாக்கியங்களில் பேசினேன்.
பையன் கொடுத்துவிட்டான்.
இவர் என்னை
வீட்டுக்குள் புதிதாக ஒரு கதவைக்
கண்டுபிடித்தவர் மாதிரிப் பார்த்தார்.

மத்தியமா வரை பாஸ் பண்ணியிருக்கிறேன்.
சான்றிதழ்கூட இருக்கிறது,
பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில்.
நீங்கள் கேட்கவில்லை,
சொல்கிற மாதிரி ஒரு நாளும் வரவில்லை.

அதற்குப் பிறகு நகரம் என் கையில்.
எந்தப் பக்கம் மெட்ரோ, எத்தனை ரூபாய்,
சோளத்துக்கு எலுமிச்சை தேய்க்காதே அவருக்குப் பல் கூசும்,
எல்லாம் நான்.
இவர் என் கைப்பையைச் சுமந்துகொண்டு
இரண்டடி பின்னால் வந்தார்.
ஒரே குடைதான்,
ஆனாலும் இரண்டடி.
பழக்கம் எளிதில் விடாது.

ஜோர்பாக்கில் இறங்கி லோதி தோட்டத்துக்குள் நுழைந்தபோது
காற்று குடையைப் புரட்டிப்போட்டது.
ஓடினோம்.
ஓடி எத்தனை காலம் ஆயிற்று
என்பது முழங்காலுக்குத் தெரிந்தது.
நெற்றியில் நீல ஓடுகள் மிச்சமிருந்த
ஒரு கும்மட்டத்துக்குள் ஒண்டினோம்.
உள்ளே இரண்டு நாய்கள்,
அணைந்த பீடியுடன் ஒரு காவலாளி,
கணக்கற்ற புறாக்கள்,
பக்கத்தில் பக்கத்தில் சில சமாதிகள்.

யாருடையது என்று கேட்டேன்.
பீடியை எடுக்காமலே உதட்டைப் பிதுக்கினார்.
"பேர் தெரியாதாம்" என்று இவருக்கு மொழிபெயர்த்தேன்.
"பெறுநர் பேரில்லாத தபாலை
ஆர்.எல்.ஓ.வுக்கு அனுப்பிடுவோம்" என்றார்,
"இது எத்தனை நூறு வருஷமா
டெலிவரி ஆகாமக் கிடக்கு."
குனிந்து கல்லைத் தொட்டுப் பார்த்தார்,
முத்திரை ஏதாவது இருக்கிறதா என்பது போல.

மழை வாசலில் நின்று உள்ளே பார்த்தது.
எனக்கு ஏன் அப்படித் தோன்றியதென்று தெரியாது.
ரேஷன் கடையில், பள்ளிக்கூடத்தில், ஆஸ்பத்திரியில்
அவர் பேரைக் கேட்கும்போதெல்லாம்
எழுதிக் காட்டியே பழகியவள்,
அண்ணாந்து
அந்த உருண்டை இருட்டைப் பார்த்து
"தெய்வசிகாமணி" என்றேன்.
மெதுவாகத்தான்.
கும்மட்டம் அதை வாங்கி
கொஞ்சம் பெரிதாக்கி
நாலு பக்கமும் படித்தது.
புறாக்கள் கிளம்பின.
நாய்களில் ஒன்று தலை தூக்கியது.

இவர் திரும்பவில்லை.
சமாதிக்கு முன்னால் குனிந்தபடியே,
மஸ்டர் ரோலில் பேர் வாசித்தால் சொல்வாரே,
அதே அலுவலகக் குரலில்
"இருக்கேன்" என்றார்.

காவலாளி பீடியை மறுபடி பற்றவைக்க முயன்றார்.
தீக்குச்சிகள் நமுத்திருந்தன.

ராத்திரி பஹாட்கஞ்ச் அறையில்
மின்விசிறிக்குக் கீழே சாக்ஸ் காய்கிறது.
கட்டிலில் ரசீதுகளைப் பரப்பி
வரிசை எண் போடுகிறார்.
குடைக்கு ரசீது இல்லை.
அது இப்போது குப்பைத்தொட்டியில்,
மூன்று கம்பியும் வெளியே.
"நூற்றைம்பது தண்டம்" என்கிறார்.
கொஞ்ச நேரம் கழித்து,
தலை நிமிராமல்,
இந்தியில் தெய்வசிகாமணியை எப்படி எழுதுவார்கள்
என்று கேட்கிறார்.
பேனாவை வாங்கி
மெட்ரோ ரசீதின் பின்பக்கம்
எழுத ஆரம்பிக்கிறேன்.
'ழ' இல்லாத பேர், நல்லவேளை.