முதலில் உடைவது

ஏழாம் பகுதியில் சண்டை கிடையாது.
சண்டை ஆறிலேயே முடிந்துவிட்டது.
அறுபது டன் இயந்திரம் ஒன்று
இன்னொன்றைப் பிடித்துக் கடலில் தள்ளி
இருபத்திரண்டு நிமிடத்தில், விளம்பரம் போக,
ஊரைக் காப்பாற்றிவிட்டது.

மறுநாள் காலை என்ன ஆகும்
என்று கேட்டார் முரோய்,
சட்டைப் பையில் எப்போதும்
வயிற்றுவலி மாத்திரை வைத்திருக்கும் எங்கள் இயக்குநர்.
யாரும் வாய் திறக்கவில்லை.
சலவைக் கடைக்கு மேல் மாடி எங்கள் அறை.
கீழிருந்து நீராவி ஏறி வந்து
வரைதாள்களின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தது.

அன்றிரவு கடைசி ரயிலை விட்டுவிட்டு
காமி-இகுசாவிலிருந்து நடந்தேன்.
இரண்டு மணிக்கு ஒரு சந்தை
உடைத்துக்கொண்டிருந்தார்கள்.
சிவப்பு விளக்குக் கோலை அசைத்து
ஒற்றை ஆளான எனக்கு
ஓர் ஊர்வலத்துக்குரிய மரியாதையோடு
வழிவிட்டார் ஒருவர்.
தலைக்கவசத்தில் நுகதா என்று எழுதியிருந்தது.

போகாமல் நின்று கேட்டேன்:
இந்த இடத்தில் அறுபது டன் கால் வைத்தால்
முதலில் உடைவது எது?

அவர் சிரிக்கவில்லை.
எத்தனை கால்?
இரண்டு.
நிற்குமா, நடக்குமா?
நடக்கும்.
நடக்கும்போது ஒரு கால்தானே தரையில்,
மொத்த எடையும் அதன் தலையில் என்றார்.
குனிந்து பள்ளத்தைப் பார்த்தார்,
அங்கே யாரோ படுத்திருப்பதுபோல.
தார் போகும், ஆனால் அது அப்புறம்.
முதலில் தண்ணீர்க் குழாய்.

ஆகவே ஏழாம் பகுதியில்
நாலாயிரம் வீட்டுக் குழாய்களில்
காற்று மட்டும் வருகிறது.
நேற்று ஊரைக் காத்த சவானே, வயது பத்தொன்பது,
தண்ணீர் லாரி வரிசையில் நிற்கிறாள்,
கையில் நீல வாளி.
முன்னால் இருபத்தாறு பேர்.
கவசத்துக்குள் இருந்த முகம்
யாருக்குத் தெரியும்?
எவனோ மிதித்துத் தொலைத்துவிட்டான்
என்கிறார் முன்னால் நிற்பவர்.
ஆமாம் என்கிறாள்.
அந்தப் பகுதி முழுக்க
அவளுக்கு வசனம் அவ்வளவுதான்.

பொம்மைக் கம்பெனியிலிருந்து
ஹச்சிசுகா வந்தார்.
தோள்பட்டை ஏவுகணை எங்கே?
கடைக்குப் பெட்டி பெட்டியாய்ப் போய்விட்டதே.
முரோய் தலை தாழ்த்தினார். இன்னும் தாழ்த்தினார்.
கடைசியில் ஏவுகணையைக் காட்டினோம்:
பழுதுபார்க்கும் கொட்டகை, வெயில்,
ஆறு குழாய்களிலும் சொருகிக் காயும்
மெக்கானிக்குகளின் கையுறைகள்.
ஹச்சிசுகா நெடுநேரம் பார்த்தார்.
தெரிகிறதல்லவா, சரி, என்றார்.

ஏவுகணை பாய ஒன்பது படம் போதும்,
மிச்சத்தைப் புகை பார்த்துக்கொள்ளும்.
வாளி நிறைய நாற்பத்தொன்று.
அடியில் விழும் தண்ணீர் வெறிபிடித்தது,
பாதியில் கொஞ்சம் புத்தி வரும்,
விளிம்பருகே தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும்.
மூன்று நாள் வரைந்தேன்.
குளியலறையில் அதே நீல வாளியை
நிரப்பினேன், கவிழ்த்தேன், நிரப்பினேன்.
தண்ணீர்க் கட்டணம்
அந்த மாதம் என் தலையில்.

ஒளிபரப்பான இரவு
ஒரு பையன் எழுதியிருந்தானாம்,
தூங்கிவிட்டேன் என்று.
முரோய் அதை வெட்டிச் சுவரில் ஒட்டினார்.

போன வாரம் என் தபால் பெட்டியில் துண்டுச்சீட்டு:
குழாய் மாற்றும் பணி, காலை பத்து முதல் மூன்று வரை
தண்ணீர் வராது, சிரமத்துக்கு வருந்துகிறோம்.
எழுந்து பார்ப்பதற்குள் மணி பத்தரை.
சந்துமுனை லாரிக்கு
வாளியோடு போனேன்.
முன்னால் ஒன்பது பேர்.

நிறைந்ததைத் தூக்குவதற்கு முன்
ஒவ்வொருவரும், குழந்தைகூட,
ஒரு காலைப் பின்னால் வைக்கிறார்கள்.
ஒரு கணம்,
எடை வரப்போவதை
உடம்பு முதலில் தெரிந்துகொள்கிறது.

சவானே வைக்கவில்லை.
என் சவானே
காலி வாளியைத் தூக்குகிறவளைப்போல
நேராக நின்று தூக்கிவிட்டாள்.

இரண்டே படம். விட்டுவிட்டேன்.
வரிசை நகர்ந்தது.