கண்ணாடியில் இரண்டு விரல் அகலம்

ஃபேர்லாண்ட்ஸில், பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில்,
செவ்வாய்தோறும் நாலரை மணிக்குப் படுத்துக்கொள்கிறேன்.
டாக்டர் ஜெயசீலி என் தலைமாட்டில் உட்காருவார்.
முகம் தெரியாது.
பேனா மூடி திறப்பது கேட்கும்,
கீழே யாருடைய கடைவாய்ப் பல்லையோ
மெஷின் குடைவதும் கேட்கும்.

"மனசுல வர்றத வந்த வரிசையில சொல்லுங்க."

வந்த வரிசை:
குணாளன் விட்டுப்போன சாம்பல் ஸ்வெட்டர்.
அவனுக்கு முன்னால் அஸ்தம்பட்டியில் ஒருவன்,
ஜெராக்ஸ் கடை,
நான் பேசப் பேச மெஷினின் பச்சை வெளிச்சத்தையே
பார்த்துக்கொண்டிருந்தவன்.
அவனுக்கும் முன்னால் கல்லூரியில், பெயர் வேண்டாம்,
எனக்கு முன் பெஞ்ச்.

"எல்லாருக்கும் முதுகுதான் இருக்கு" என்றார்.
ஐந்து மாதத்தில் அவர் பேசிய நீளமான வாக்கியம்.

அப்பா சென்றாயன். சேலம் – ஏற்காடு,
இருபது கொண்டை ஊசி.
ஞாயிறுகளில் டிரைவர் சீட்டுக்கு நேர்ப்பின்னால் என்னை உட்காரவைப்பார்.
பிடரியில் காக்கி காலர் அறுத்த கோடு.
மேலே கண்ணாடியில் இரண்டு விரல் அகலத்துக்கு அவர் கண்கள்.
பலாப்பழக் கூடைக்கு டிக்கெட் கேட்டுச் சண்டை போடும் கண்டக்டரை,
ஒன்பதாம் வளைவில் வாந்தியெடுக்கும் கல்யாணக் கூட்டத்தை
அவை பார்க்கும்.
பதிமூன்றாம் வளைவில், எதிரே லாரி வராவிட்டால்,
என்னை.
ஒரு நொடி.

அதற்காகக் காதடைப்பைப் பொறுத்துக்கொண்டேன்.
லாரி வரக்கூடாதென்று மலைமேல் இருக்கும் சேர்வராயனுக்கு
என் பங்கு முறுக்கை நேர்ந்துகொண்டேன்.
பிறகு வேறு வேறு முகவரிகளுக்கு
நான் எழுதியதெல்லாம்
இந்த ஒரே கடிதம்தானா?

அடுத்த செவ்வாய் சொல்லிவிட்டேன்:
"டாக்டர், எனக்கு உங்கமேல ஆசையா இருக்கு."

"அந்த 'உங்க'ளுக்குள்ள யார் யார் இருக்காங்க?"

கோபம் வந்தது.
உங்கள் புடவையின் கஞ்சி வாசம்கூடவா அப்பா?
மிளகுக்கொடிக்கு முதலில் கிடைத்தது சில்வர் ஓக்கோ
முருங்கையோ, யாருக்குத் தெரியும்.
காரம் பொய்யா?
கேட்டேன். பதில் இல்லை.
கீழே மெஷினும் நின்றிருந்தது.

கன்னங்குறிச்சி வீட்டில் டிவிக்கும் அவருக்கும் நடுவே போய் நின்றேன்.
"மறைக்காத, தள்ளு."
தள்ளவில்லை.
பதிமூணாவது வளைவுல கண்ணாடியில
எதுக்குப்பா பார்ப்பீங்க?

அப்பா ரிமோட்டைக் கீழே வைத்தார்.
"பின்படிய. அங்கதான் ஒரு பையன் தொங்கிட்டு வந்து
கை நழுவிட்டான். நீ அப்ப பொறக்கல.
அதுக்கப்புறம் அந்த வளைவுல
படியப் பார்க்காம நான் ஒடிச்சதில்ல."
கொஞ்சம் கழித்து,
"உன்னையும் பார்த்திருப்பேன்" என்றார்.

இன்று இதைச் சொல்லி முடித்தேன்.
சிரித்துக்கொண்டுதான் ஆரம்பித்தேன்.
விழுந்தவனுக்கு இருபத்திரண்டு வயதாம்,
எஸ்டேட்டில் காப்பி பறிக்கப் போனவன்.
அவனைத் தேடிப் படிவரைக்கும் போன பார்வை அது,
வழியில் நான் உட்கார்ந்திருந்தேன்.
எடுத்துக்கொண்டேன்.
முப்பது வருடம் அதில்தான் சாப்பிட்டிருக்கிறேன்,
மூன்று ஆண்களிடம்
அதற்குச் சில்லறை கேட்டிருக்கிறேன்.

தலைமாட்டில் சத்தமில்லை.
திரும்பிப் பார்க்கலாம், யாரும் தடுக்கவில்லை.
சுவர்க் கடிகாரத்தில்
இன்னும் பதினைந்து நிமிடம் இருந்தது.