ஒருவழிப் படம்

ரூவி, பதினான்காம் மாடி.
நோன்பு மாதத்து இரவு ஒன்றே முக்கால்.
கூட்ட அறையில் ஏசி மட்டும் பேசிக்கொண்டிருக்கிறது.
இங்கே சுவரில் வெள்ளைப் பெட்டி.
ஐந்நூறு கிலோமீட்டர் மணலுக்கு அப்பால் துக்மில்
துறைமுக ஆபீசில் கறுப்புப் பெட்டி.
செய்தவர்கள் வேறு வேறு.
இரண்டின் முதுகிலும் அச்சிட்டிருக்கிறது
எல்லாத் தரநிலைகளுக்கும் உட்பட்டது என்று.

ஆமாம்.
ஒரே கட்சி, இரண்டு கோஷ்டி.

அழைத்ததும் முதலில் கைகுலுக்கிக்கொள்ளும்.
எனக்கு இன்னின்ன தெரியும் என்று இது பட்டியல் படிக்கும்,
எனக்கு இன்னின்ன என்று அது.
பெண் பார்க்கும் வீட்டில் இரு தரப்புச் சித்தப்பாக்கள்
பொதுவாக ஒரு சொந்தம் அகப்படும்வரை
ஊர் ஊராகச் சொல்லிப் பார்ப்பதுபோல.
அகப்பட்டால் படம் வரும்.

வந்தது, பாதி.
தில்முராத் என்னைப் பார்க்கிறான்,
நான் அவனைப் பார்க்கவில்லை.
அவன் குரல் வருகிறது
கிணற்றுக்குள்ளிருந்து அல்ல,
கிணறே பேசுவதுபோல.
'சூரா மாஃபி' என்கிறேன்.
'இதர் தோ ஹை' என்கிறான்.
ஐந்து இரவுகளாக இவ்வளவுதான் எங்கள் பேச்சு.
அவன் தாய்மொழி பலூச்சி, என்னுடையது தமிழ்,
நடுவில் கிடக்கும் அரை அரபியையும் கால் இந்தியையும்
யார் உற்பத்தி செய்தார்கள் என்று
எந்த அட்டையிலும் போட்டிருக்காது.

வெள்ளைக்கு டிக்கெட் போட்டால்
கோளாறு கறுப்பில் என்று பதில்.
கறுப்புக்குப் போட்டால்
வெள்ளையை முதலில் அப்டேட் பண்ணச் சொல்லுங்கள்.
மாமியார் உடைத்தால் மண்குடம்,
மருமகள் உடைத்தால் பொன்குடம்.
இங்கே இரண்டு பேருமே மாமியார்.

ஆறாம் இரவு
மேசைக்கடியில் ஒரு பழைய சர்வரில்
கேட்வே ஒன்றை ஏற்றினேன்.
இந்தப் பக்கம் திரும்பி நான் வெள்ளை என்னும்,
அந்தப் பக்கம் திரும்பி நான் கறுப்பு என்னும்.
ஒரு பொய்க்கு நாற்பது மில்லிசெகண்டு.
தரகுக் கூலியில் இது மலிவு.

கேமராவுக்கு ஒரு முகம் வேண்டும்.
மாப் போட்டுக்கொண்டிருந்த கோக்கனைக் கூப்பிட்டு
சேர்மன் நாற்காலியில் உட்காரச் சொன்னேன்.
நுனியில் உட்கார்ந்தான்.
பேசு என்றேன், எதையாவது.
கொஞ்சம் யோசித்து
ஜனவரிச் சம்பளம் இன்னும் வரவில்லை என்று
வங்காளத்தில் சொன்னான்.
சத்தம் வந்த திசைக்குக் கேமரா திரும்பி
மரியாதையாக அவனை
நடுவில் வைத்துக்கொண்டது.

அப்போதுதான் திரை நிறைந்தது.
தில்முராத்.
சஹருக்கு வைத்திருந்த பராட்டா கையில்.
குரலை வைத்து ஐம்பது வயது போட்டிருந்தேன்.
மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை.
'சூரா ஹை?' என்றான்.
ஹை.
எதற்கென்று தெரியாமல்
மூன்று பேரும் சிரித்தோம்,
அவன் சிரிப்பு மட்டும் சற்றுப் பிந்தி.

காலை பத்து மணிக்குக் கூட்டம்.
ரிமோட்டோடு மூலையில் நின்றேன்.
நாற்பது நிமிடம்,
ஒரு கட்டம்கூட உடையவில்லை.
முதல் தீர்மானம்:
அடுத்த காலாண்டிலிருந்து
இரு ஆபீசுக்கும் ஒரே கம்பெனிச் சாதனம்,
இடையில் எதுவும் தேவையில்லை,
யாரும் தேவையில்லை.
ஒலி தெளிவாக இருந்தது.
அதில் குறை சொல்ல முடியாது.

எல்லோரும் எழுந்து போனார்கள்.
இணைப்பைத் துண்டிக்க யாருக்கும் ஞாபகமில்லை.
அங்கே தில்முராத் வந்து நாற்காலிகளைச் சரிசெய்தான்,
திரும்பினான், என்னைக் கண்டான்.
அவன் பக்கம் மியூட்.
உதடு அசைந்தது.
டீ குடித்தாயா என்பதுபோல் இருந்தது,
நோன்பில் அப்படிக் கேட்டிருக்க மாட்டான்.

கோக்கன் பேசிய பதினோரு செகண்டு
சர்வரில் தானாகப் பதிவாகியிருக்கிறது.
கோப்பின் பெயர் டெஸ்ட் ஆறு.

கேட்வேயை இன்றே அணைக்கச் சொல்லி மெயில்.
வியாழன்தான் முடியும் என்று
பதில் போட்டேன்.