மற்றவை

பட்டியலில் இருக்கிற கனடா
நான்கே நான்கு பெயர்.
ரொறன்ரோ, மக்கில், வாட்டர்லூ,
மேற்குக் கரையில் ஒன்று.
அதற்குக் கீழே சின்னதாய் ஓர் அம்புக்குறி,
சொடுக்கினால் 'மற்றவை'.
நான் மற்றவையில் படித்தவள்.

கேனரி வார்ஃப், பதினெட்டாம் மாடி.
தானியத்தைக் கண்ணால் காணாமல்
கப்பல் கணக்கில் வாங்கி விற்கும் தரகு நிறுவனம்.
மூன்று வருடம் முன்பு
இதே கண்ணாடி அறையில்
ரூபர்ட் என் தாளைப் புரட்டியபடி கேட்டார்:
"சஸ்... சஸ்கா... இதை எப்படிச் சொல்வது?"
சொல்லிக் கொடுத்தேன்.
"உங்கள் பெயரை?"
கோணேஸ்வரி என்றேன்.
"முந்தியதே சுலபம்" என்றார்.

அது என் அறுபத்து மூன்றாவது விண்ணப்பம்.
ஸ்காபரோவில் சித்தப்பா சொல்லித்தான் அனுப்பினார்:
"இங்கேயே ஐந்து வங்கி, அங்கே போய்
உன் பருப்பு வேகாது பிள்ளை."

வெந்தது.
பருப்பைப் பற்றித்தான் பேசினேன்.
பாதி உலகம் தின்னும் மைசூர்ப் பருப்பு
எந்த மண்ணிலிருந்து கப்பலேறுகிறது,
டெல்லி சுங்கவரியைத் தொடும் இரவில்
எங்கள் மாகாணத்தில்
எத்தனை சமையலறை விளக்குகள் அணைவதில்லை
என்றெல்லாம்.
ரூபர்ட் பேனாவைக் கீழே வைத்தார்.

வெந்தது என்றாலும் அரைவேக்காடு.
வாங்கி விற்கும் மேசை இல்லை,
வாங்கி விற்றவர்கள் விட்ட பிழையை
இரவு எட்டு மணிவரை தேடும் மேசை.
சம்பளத்தில் பாதி வூலிச்சில் ஓர் அறைக்கு.
மாதம் பிறந்தால் படிப்புக் கடன் ஒட்டாவாவுக்கு.
அன்றைக்கு மட்டும்
பவுண் விலையை எனக்காகப் பார்ப்பேன்.

இன்று ஒரு வெற்றிடம்.
இருநூற்றுப் பதினான்கு பேர்.
"நாலு மணிக்குள் ஐந்து பெயர் கொடு,
கனடாக்காரரை உனக்குத்தானே தெரியும்" என்றார் ரூபர்ட்.
முதல் நூறையும் மென்பொருளே அடுக்கியிருந்தது,
எல்லாம் அந்த நான்கு பெயர்.
அம்புக்குறியைச் சொடுக்கினேன்.

ஏதன் ஃப்ரீசன். சஸ்கட்டூன். வணிகவியல்.
மூன்று கோடை ரோஸ்டவுன் தானியக் கிடங்கில்
லொறிகளை எடை போட்டிருக்கிறான்.
கடிதத்தில் இப்படி ஒரு வரி:
'ஈரம் கூடிய பருப்பு லொறியை ஒருநாள்
திருப்பி அனுப்பினேன்;
ஓட்டி வந்தவர் என் மாமா.'

பெடியனை முதலாவதாகப் போட்டேன்.
காரணம் எழுதும் கட்டத்தில் 'நம்பலாம்' என்று மட்டும்.

பிறகுதான் விளம்பரத்தை முழுதாக வாசித்தேன்.
தொடக்கம் ஒக்டோபர் ஆறு.
விசா ஆதரவு கிடையாது.
பதவியின் பெயர் என் அடையாள அட்டையில் இருப்பது.
என் விசா முடிவது ஒக்டோபர் மூன்று.
ஒரு முறை நீட்டியாயிற்று, இனி நீளாது.
இந்தச் சம்பளம் அரசு கேட்கும் அளவுக்குப் போதாதாம்,
அந்த அளவுக்கு உயர்த்த நிறுவனத்துக்கு இயலாதாம்,
மனிதவளப் பிரிவு
மிக அன்பாக எழுதியிருந்தது போன மாதம்.

இடையில் கிடக்கும் மூன்று நாளில்
நாற்காலியைத் துடைப்பார்கள் போல.

பட்டியலைப் பார்த்த ரூபர்ட்
"சஸ்... எப்படிச் சொல்வது?" என்றார் மறுபடியும்.
"அவன் வந்து சொல்லித் தருவான்" என்றேன்.
சிரித்தார். நானும்.

வூலிச்சில் மழை.
கடையில் வாங்கிய பருப்புப் பொதியின் பின்பக்கம்
பொடி எழுத்தில்:
'ஒன்றுக்கு மேற்பட்ட நாடுகளின் விளைச்சல்.'
கழுவி அடுப்பில் வைத்தேன்.
வேக இருபது நிமிடம்,
அதற்குள் ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு ஒன்று அனுப்பிவிடலாம்.

படித்த இடம் என்ற கேள்விக்கு
அங்கே பட்டியல் இல்லை.
வெறும் பெட்டி, உள்ளே மின்னும் ஒரு கோடு.
முதல் எழுத்தைத் தட்டும்போது
மூடியைத் தள்ளிக்கொண்டு நுரை பொங்குகிறது.
அடுப்பைக் குறைக்க எழுந்து போகிறேன்.