மூன்றாவது டயோடு

டர்பன் அடகுக்கடையில் எண்ணூறு ராண்ட் சொன்னான்.
குமிழ் ஒன்று இல்லை பார் என்று காட்டி
அறுநூற்றைம்பதுக்கு முடித்தேன்.
பச்சைப் பெட்டி. ஓவர்டிரைவ் பெடல்.
உள்ளங்கையளவுதான்;
விட்டெறிந்தால் கண்ணாடி போகும், அதற்கொன்றும் ஆகாது.

க்ராஸ்மூரில் தயாளனின் கராஜ்.
கார் தெருவுக்குப் போனால்தான் டிரம்ஸ் உள்ளே வரும்.
மோகாம்பரி, இரவுப்பணிக்கு முன்,
நர்ஸ் சீருடையோடே பேஸ் வாசிப்பாள்.
நான் மிதித்தேன்.

என்ன சொல்ல.
அதுவரை என் கிதார்
அடுத்தவர் வீட்டுப் பந்தியில் உட்கார்ந்த பிள்ளை மாதிரி
போதும் போதும் என்றுகொண்டிருந்தது.
மிதித்ததும் இலையையே வழித்து நக்கியது.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில்
பாதித் தூக்கத்தில் கேட்ட இலக்கணம்
இருபது வருஷம் கழித்து விளங்கிற்று:
ஙஞணநமன என்று உள்ளே போன கம்பி
கசடதபற என்று வெளியே வருகிறது.
மேலே போக இடமில்லாத அலை
தலை தட்டையாகி, தோள் புடைத்து,
தன் மாத்திரையில் குறுகி நிற்கிறது.
இதைத்தானா ஐயா அன்றைக்குக்
குற்றியலுகரம் என்றீர்கள்?

"சத்தம் உடையுது" என்றான் தயாளன்.
உடையத்தானே வாங்கினேன்.
"இல்ல. ஒரு பக்கமா உடையுது."

அவன் காது அப்படி.
கார் ஆலையில் பகல் முழுக்க நட்டு முடுக்குகிறவன்;
அரைச்சுற்று கூடினால் தூக்கத்திலும் தெரியும்.

நாலு திருகு. மூடியைத் திறந்தேன்.
எதிரும் புதிருமாய் இரண்டு டயோடு:
ஒன்று அலையின் மேட்டை வெட்டும்,
ஒன்று பள்ளத்தை நிரவும்.
கம்பெனி வைத்தது அவ்வளவே.
இங்கே ஒன்றின் வாலில் இன்னொன்று,
கால் கோணி, கையால் பற்றவைத்தது.
ஈயம் சளிபோல் வழிந்து உறைந்திருந்தது.
மூடியின் உட்புறம் ஒட்டுநாடாவில்,
ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில்:
திருத்தாதே.

யாருக்கோ
சமமாக உடைவது போதவில்லை.
அப்புறம் என்ன வந்ததோ, அடகுக்கடை.

சூட்டுக்கோலைக் கையில் எடுத்தேன்.
எட்டு மணி. மின்சாரம் போயிற்று.
அட்டவணைப்படி பத்துக்குத்தான் வரவேண்டும்.
ஆம்ப் செத்தது, எதிர்வீட்டு டிவி செத்தது,
மலைச்சரிவு முழுக்க வரிசை வரிசையாய் அணைந்தது.
என் மடியில் மட்டும் ஒரு சிவப்புப் புள்ளி,
ஒன்பது வோல்ட் பேட்டரியின் தயவில்.
கிதாரைச் சொருகியபடியே இருந்தது.
கம்பியைத் தட்டினேன். ஈ முனகியது.
உள்ளே அந்த மூன்றும்
வேலை செய்துகொண்டுதான் இருந்திருக்கும்,
கேட்க ஒரு காதில்லாமல்
ஒரு சின்ன அலையை
மேலே அதிகம், கீழே கொஞ்சம் என்று வெட்டியபடி.

கைப்பேசி வெளிச்சத்தில் காலணி தேடிக்கொண்டே
மோகாம்பரி சொன்னாள்:
"போன வாரம் வார்டுல ஒருத்தங்களுக்கு
தொண்டைக் குழாய எடுத்தோம். பன்னெண்டு நாளா உள்ள இருந்தது.
தண்ணின்னு கேட்டாங்க.
இதே குரல். இதே மாதிரி ஒரு பக்கமா.
மூணு பேர் ஓடினோம் தண்ணிக்கு."
காலணி கிடைத்தது. போய்விட்டாள்.

சூட்டுக்கோல் ஆறிவிட்டிருந்தது.
இருட்டில் மூன்று திருகுதான் அகப்பட்டது.
பெடலைத் தரையில் வைத்து
கிதாரை ஆம்ப்மேல் சாய்த்துவிட்டு
தயாளனும் நானும் தெருவில் நின்றோம்.
அவன் சம்பளத்தைப் பற்றி ஏதோ சொன்னான்,
நான் உம் கொட்டினேன்.

ஒன்பதரைக்கே வந்துவிட்டது.
முதலில் விளக்குகள். ஒரு தெருவின் "ஹோ".
ஆம்பின் வால்வு சூடாக அரை நிமிஷம் பிடிக்கும்;
அதை நாங்கள் மறந்துவிட்டோம்.
பிறகு கராஜுக்குள்ளிருந்து
யாரும் தொடாத கிதார்
அடிவயிற்றிலிருந்து ஏறி ஏறி
தகரக் கதவையெல்லாம் நடுங்கவைத்து
கேட்கத் தொடங்கியது.

நாய்கள். எதிர்வீட்டு ஜன்னல். ஒரு கெட்ட வார்த்தை.
அணைக்க ஓடிய தயாளனின்
சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.