மூட்டம் போட்ட ராத்திரிகள்

உத்திராபதியின் மோட்டார்
நாலாவது தடவையாகப் பட்டறைக்கு வந்தது,
எக்செல் வண்டியின் பின்னால்
சாக்கில் கட்டிய பன்றிக்குட்டி போல.
மூடியைக் கழற்றுமுன் மூக்குக்குத் தெரிந்துவிட்டது:
கருகிய வார்னிஷ்.

செம்பு மட்டம் என்றது தலைஞாயிறு கடைத்தெரு.
கரண்டு மட்டம் என்றார் லைன்மேன், தன் கரண்டையே.
கண்ணேறு என்று எலுமிச்சை கட்டியது அவர் வீடு.
மூன்று தடவை செம்பு சுற்றி
மூன்று தடவை கூலி வாங்கியவன் நான்.

அன்றைக்கு ஸ்பேனரைத் தொடவில்லை.
சீட்டுக் கம்பெனி கொடுத்த டைரியில்
பக்கத்தின் நடுவே ஒரு கோடு.
இந்தப் பக்கம் எரிந்தது,
அந்தப் பக்கம் எரியாதது.

எப்போது எரிந்தது?
ரெண்டுக்கும் நாலுக்கும் நடுவில், விடியக்காலம்.
எப்போது எரியவில்லை?
"வயித்துவலிக்காரன்கிட்ட
காலு நல்லாருக்கான்னு கேக்குறியே" என்றார்.
கேட்டேன்தான்.
ஆனி முழுக்க ராத்திரி பூரா ஓடியதாம்.
யாருக்கு எரியவில்லை?
பக்கத்து வரப்பு அம்மாசிக்கு. அதே கம்பெனி, அதே லைன்.
ஒரு மணிக்கு நிறுத்திவிட்டுத் தூங்கிவிடுவார்.

எரிந்த ராத்திரிக்கு முந்தின பகல்?
வெகுநேரம் தாடையைத் தேய்த்தார்.
"வத்தல் காயல அன்னிக்கு. மூட்டம்."
அதற்கடுத்தது?
மச்சான் வீட்டுக் கல்யாணம், போட்டோவெல்லாம் இருட்டு.
மூட்டம்.
மூன்றாவதைச் சொல்லுமுன்
இருவரும் வெளியே வந்து வானத்தைப் பார்த்தோம்.

கொட்டகைக்குள் கிடக்கும் இரும்புக்கு
மேகத்தைப் பற்றி என்ன தெரியும்?
அதையும் எழுதினேன், கேள்வியாகவே.
கீழே இன்னொன்று:
இந்த லைனில் வேறு யாருக்குத் தெரியும்?

ஹாஜா மைதீனுக்குத் தெரியும்.
உப்புத்தண்ணி ஏறுகிற பக்கம் ஆறு இறால் குட்டை.
வெயில் காயாத நாளில் தண்ணீருக்கு மூச்சு குறையும்,
விடியுமுன் இறால் மேலே வந்து வாய் திறக்கும்.
மற்ற நாள் நாலு காற்றுச்சக்கரம் போதும்,
அன்றைக்குப் பன்னிரண்டும் சுழலும்.
ஒரே டிரான்ஸ்பார்மர்.
கம்பியின் கோடியில் உத்திராபதி.
கடைமடை என்பது தண்ணீருக்கு மட்டுமில்லை.

மோட்டாரை எப்படிக் காப்பாற்றுவது
என்று உச்சியில் எழுதியிருந்ததை அடித்தேன்.
அந்த ரெண்டு மணி நேரம்
வயலுக்குத் தண்ணீர் எதற்கு?
அவர் முதல்தடவையாகச் சிரித்தார்.
"பயிரு தூங்குற நேரம்தான்."

இப்போது மூட்டம் போட்ட சாயங்காலங்களில்
ஹாஜா ஒரு மிஸ்டு கால் விடுகிறார்.
இவர் எடுப்பதில்லை.
ஒரு மணிக்கு எழுந்து அணைத்துவிட்டுப் படுக்கிறார்.

கேள்வி கேட்டதற்கு என்ன கூலி என்றார்.
எனக்கும் தெரியவில்லை.
கடனுக்கு வாங்கிய செம்புச் சுருள்
புரட்டாசி முடிந்தும் ஆணியில் தொங்குகிறது.

டைரியில் ஒரு வரிக்கு மட்டும் பதில் இல்லை:
வயல் லைனில் குட்டைக்கு இணைப்பு கொடுத்தது யார்?
லைன்மேன் டீ குடிக்க வரும்போதெல்லாம்
அந்தப் பக்கத்தின் மேல்
ஸ்பேனரை வைத்துவிடுகிறேன்.