நாலாவது வளைவு

அடிவாரம் செக்போஸ்ட் தாண்டினால் பாடம் தொடங்கும்.
பின்னால் ஏழு சிலிண்டர், முட்டை அட்டை,
ஏற்காட்டு லாட்ஜுக்குத் துவைத்த போர்வைகள்.
ஒற்றைக் காதில் ஜப்பான்காரி.

இச்சி என்கிறாள். இச்சி என்று ஒடிக்கிறேன்.
இரண்டுக்கு நி.
என் வாய் நீட்டிவிடுகிறது: நீ.
"என்னையாக்கா?"
தூக்கத்திலிருந்து நிமிர்கிறான் கிளீனர் சேர்வராயன்.

நாலுக்கு இரண்டு சொல்லாம்.
அதில் ஒன்றுக்குச் சாவு என்றும் அர்த்தம்.
போன ஆடியில் பால்வண்டி உருண்ட இடம்.
மற்றதைச் சொல்கிறேன், யோன்,
ஹாரனும் அடிக்கிறேன்.
அஞ்சு வந்தால் அவனே முந்திக்கொள்கிறான், கோ என்று,
மாடு ஓட்டுகிற குரலில்.

எதற்கு இதெல்லாம் என்று கேட்காதவர் இல்லை.
விசாவா, வேலையா, பையன் அங்கே இருக்கானா?
ஒன்றுமில்லை.
இருபது வளைவு சும்மா கிடந்தது.

வினைச்சொல் கடைசியில்தான் வருமாம் அங்கேயும்.
அதுவரை
போகிறாளா வருகிறாளா தெரியாது,
பனிக்குள் எதிர்வண்டி மாதிரி.

ஏரிக்கு முன்பே எண் தீர்ந்துவிடுகிறது.
இறங்கும்போது தலைகீழாகச் சொல்ல வேண்டும்,
இருபது, பத்தொன்பது, பதினெட்டு.
தமிழிலேயே நான் அப்படி எண்ணியதில்லை.
பதினாறை மறந்துவிட்டேன்.
கை மறக்கவில்லை, திருப்பியது.